கனமாகத் தூக்குகிறவர்களின் அன்றாட வலிகள்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆறேழு மாதம் விடாமல் ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது), பென்ச் பிரஸ் (படுத்து எடையை மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) போட்டவர்கள் எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் இது தெரியவரும்: உடம்பில் எங்காவது ஓர் இடம் லேசாக வலித்துக்கொண்டேதான் இருக்கும். இந்த மாதம் வலது முழங்கால், அடுத்த மாதம் இடது தோள். அது போனால் முழங்கை. ஜிம்மில் கேட்டால் "வலிச்சாத்தான் வளரும், தூக்கு" என்பார்கள். வீட்டில் சொன்னால் "இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம், விட்டுத் தொலை" என்பார்கள். இரண்டு பேருமே அந்த வலி எப்படிப்பட்டது என்று கேட்பதில்லை. அதைக் கேட்கத் தெரிந்துகொண்டால் பெரும்பாலான வலிகளோடு பயிற்சியைத் தொடரலாம். எதற்கு நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பெரிய ஆட்களுக்கும் இது உண்டு. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் பளுதூக்குதல் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றபோது, தேசியப் போட்டியில் தொடையில் பட்ட காயம் முழுதாக ஆறாமல்தான் மேடையேறினார். பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு அதே ஆண்டு கீழ்முதுகு வலியால் ஆசிய விளையாட்டுப் போட்டியைத் தவிர்த்தார். பிறகு 2021-இல் டோக்கியோவில் வெள்ளி வாங்கினார். ஒருவர் வலியோடு போட்டியில் இறங்கினார், இன்னொருவர் ஒதுங்கி நின்றார். இரண்டுமே சரியான முடிவாக இருக்க முடியும் என்பதைக் கவனியுங்கள்.

முதலில், எந்த வலி என்று பாருங்கள்

புதியவர்களைப் பயமுறுத்துவது தசை வலி. இருப்பதிலேயே ஆபத்துக் குறைந்ததும் அதுதான். பயிற்சி முடிந்த அன்று ஒன்றும் தெரியாது. மறுநாள் ஆரம்பித்து, இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். நான்கைந்து நாளில் போய்விடும். முதல் லெக் டேக்கு (கால் பயிற்சி நாளுக்கு)ப் பிறகு மாடிப்படி இறங்குவதும், இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்து எழுந்திருப்பதும் எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். குழாயைப் பிடித்துக்கொண்டு எழுந்த அனுபவம் இல்லாத லிஃப்டரை நான் பார்த்ததில்லை.

இதற்கு லாக்டிக் அமிலம் தேங்கியதுதான் காரணம் என்று இன்னமும் பல டிரெய்னர்கள் சொல்கிறார்கள். பயிற்சியில் சேரும் லாக்டேட் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடுகிறது. அது எப்படி இரண்டாம் நாள் வலியைக் கொடுக்கும்? எடையை இறக்கும்போது தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. அப்போது தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும், அதைச் சரிசெய்ய உடம்பு நடத்தும் வேலையும் சேர்ந்துதான் அந்த வலி. அதே பயிற்சியை அடுத்த வாரம் செய்தால் வலி பாதிகூட இருக்காது, உடம்பு பழகிவிடும். ஆகவே வலி இல்லாத வாரம் வீணான வாரம் என்று நினைத்துப் புதுப்புதுப் பயிற்சிகளுக்குத் தாவ வேண்டாம். வளர்ச்சியை அளப்பது நோட்டில் உள்ள எடை. எவ்வளவு நொண்டுகிறீர்கள் என்பதை வைத்து அதை அளக்க முடியாது.

இரண்டாவது வகை, தசைநாண் வலி. டெண்டன் என்று ஜிம்மில் சொல்வார்கள். தசையை எலும்போடு கட்டியிருக்கும் கயிறு அது. முழங்கால் சில்லுக்குக் கீழே, முழங்கையின் உள்பக்கம் அல்லது வெளிப்பக்கம், தோளின் முன்பக்கம் என்று ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலிக்கும். இதன் குணம் விசித்திரமானது. முதல் வார்ம்-அப் செட்டில் வலிக்கும், உடம்பு சூடேறியதும் மறைந்துவிடும். "சரியாப் போச்சு" என்று நம்பி முழு எடையையும் தூக்குவோம். மறுநாள் காலையில் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், சில வாரங்களில் வலுப்பெறும். தசைநாணுக்கு மாதக்கணக்கில் ஆகும். கிழட்டு மாட்டையும் இளங்காளையையும் ஒரே நுகத்தில் பூட்டினால் வண்டி கிழட்டு மாட்டின் வேகத்துக்குத்தான் போக முடியும். முதல் வருடத்தில் மளமளவென்று எடை ஏற்றும் இளைஞர்களுக்கு எட்டாவது, ஒன்பதாவது மாதத்தில் முழங்கை வலி வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மூன்றாவது, சட்டென்று வருவது. தூக்கும்போதே "பட்" என்று சத்தம், குத்தல், இடுப்பில் பிடிப்பு. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

சத்தம் மட்டும் வந்து வலி இல்லையென்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஸ்குவாட்டில் முழங்கால் நொறுநொறுவென்று சத்தமிடுவதைக் கேட்டு "எலும்பு தேயுது" என்று சொல்ல ஊரில் ஆள் உண்டு. வலியோ வீக்கமோ இல்லாத சத்தத்துக்கு மருத்துவம் தேவையில்லை.

மறுநாள் காலைக் கணக்கு

வலிக்கு மதிப்பெண் போடப் பழகுங்கள். பூச்சியம் என்றால் ஒன்றுமில்லை. பத்து என்றால் தாங்கவே முடியாதது. மூட்டு, தசைநாண் வலிகளுக்குப் பிசியோக்கள் வழக்கமாகச் சொல்லும் முறை இது:

பயிற்சியின்போது 3 வரை இருந்தால் தொடரலாம். 4, 5 என்றால் அன்றைக்கு எடையைக் குறையுங்கள். அதற்கு மேல் போனால் அந்தப் பயிற்சி அன்றைக்கு முடிந்தது, வேறு எதையாவது செய்யுங்கள். இதைவிட முக்கியமான கேள்வி, 24 மணி நேரம் கழித்து என்ன நிலை என்பதுதான். மறுநாள் காலையில் வலி பழைய அளவுக்குத் திரும்பியிருந்தால் நேற்றுத் தூக்கிய எடையை உடம்பு ஏற்றுக்கொண்டது. நேற்றைவிட அதிகமாக இருந்தால் நேற்று அதிகமாகிவிட்டது. அவ்வளவுதான். பயிற்சியின்போது வரும் வலி பல நேரம் பொய் சொல்லும், காலை வலி அவ்வளவாகச் சொல்லாது.

இதற்கு ஒரு நோட்டு வேண்டும். ஆப் இருந்தாலும் சரி. "ஸ்குவாட் 100 கிலோ, 5 ரெப், 3 செட். வலது முழங்கால் 3. காலையில் 2." இவ்வளவு எழுதினால் போதும். (ரெப் என்றால் ஒரு தடவை தூக்குவது, இடைவிடாமல் தூக்கும் ரெப்களின் தொகுதி ஒரு செட்.) நான்கு வாரம் எழுதிவிட்டுப் புரட்டிப் பார்த்தால், மனசு சொல்வது ஒன்றாகவும் நோட்டு சொல்வது வேறாகவும் இருக்கும். "எப்பவும் வலிக்குது" என்று தோன்றியது, கணக்கில் பார்த்தால் பென்ச் போட்ட மறுநாள் மட்டும்தான் வலித்திருக்கும்.

இதைத் தசை வலிக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். அது இரண்டாம் நாள் ஏறுவது இயல்பு.

எதை மாற்றுவது, எந்த வரிசையில்

வலி வந்ததும் பலர் முதலில் செய்வது பயிற்சியையே விடுவது. இரண்டு வாரம் ஓய்வு எடுப்பார்கள், வலி போகும். திரும்பி வந்து பழைய எடையையே ஏற்றுவார்கள், வலியும் திரும்பி வரும். ஓய்வில் தசைநாண் வலுப்பெறுவதில்லை. சுமை இல்லாமல் இருந்ததால் கொஞ்சம் பலவீனமாகக்கூட ஆகியிருக்கும். ஆகவே நிறுத்துவதைக் கடைசியில் வையுங்கள்.

முதலில் எடையைக் குறையுங்கள். 10 முதல் 20 சதவீதம் குறைத்து, இறக்கும் வேகத்தையும் குறையுங்கள். எண்ணி மூன்று அல்லது நான்கு வினாடி. எடை குறைந்தாலும் வேலை குறையாது, வலி மட்டும் குறையும்.

அது போதவில்லையென்றால் தூரத்தைச் சுருக்குங்கள். ஸ்குவாட்டில் பெட்டி வைத்து அதுவரை உட்காருங்கள். டெட்லிஃப்ட்டில் பாரை (எடை மாட்டும் இரும்புக் கம்பியை) கட்டை மேல் ஏற்றி வையுங்கள். பென்ச்சுக்குப் பதில் தரையில் படுத்துத் தள்ளினால் முழங்கை தரையில் பட்டதும் நின்றுவிடும், தோள் அதிகம் இழுபடாது. பிறகு வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டலாம்.

அதற்கும் சரிவராவிட்டால் பயிற்சியை மாற்றுங்கள். பாருக்குப் பதில் டம்பெல், பின்னால் வைக்கும் ஸ்குவாட்டுக்குப் பதில் முன்னால் வைப்பது. வலிக்காத உறுப்புகளுக்கான பயிற்சியை ஒரு நாளும் விடாதீர்கள். தோள் வலித்தால் காலுக்கு என்ன?

இதெல்லாம் வராமல் தடுக்க மலிவான வழி ஒன்று உண்டு. நம் ஊரில் பல ஜிம்களில் ஆகச் சிறிய பிளேட் 2.5 கிலோதான். இரண்டு பக்கமும் போட்டால் ஒரே தாவலில் 5 கிலோ ஏறும். கால் பயிற்சிக்கு அது சரி, பென்ச்சுக்கும் தோளுக்கும் பெரிய தாவல். 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அப்புறம், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை செட்டுகளைப் பாதியாக்கி, எடையையும் குறைத்து ஒரு டிலோட் வாரம் வையுங்கள். பொங்கல், தீபாவளி என்று ஊருக்குப் போகும் வாரங்களில் வைத்தால் மனசும் உறுத்தாது.

இடம் இடமாக

*கீழ்முதுகு.* எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டெட்லிஃப்ட்டில் நான்காவது ரெப்பில் ஏதோ பிடித்துக்கொள்ளும். பாரை இறக்கி வைத்ததும் நிமிர முடியாது. சாயங்காலத்துக்குள் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். தும்மினால் உயிர் போகும். மூச்சுப்பிடிப்பு என்பார் பாட்டி, டிஸ்க் விலகிவிட்டது என்பார் பக்கத்து வீட்டுக்காரர். காலுக்குள் இறங்காத, மரத்துப்போகாத இந்த வகை வலி பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வாரத்தில் தானாகவே தணிந்துவிடும்.

முதல் இரண்டு மூன்று நாள்: படுத்தே கிடக்காதீர்கள். படுக்கை ஓய்வு முதுகு வலியை இழுத்தடிக்கும் என்பது மருத்துவர்கள் எப்போதோ ஏற்றுக்கொண்ட விஷயம். பத்து நிமிடம் மெதுவாக நடங்கள், நாளுக்கு நான்கைந்து தடவை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் இதமாக இருக்கும். படுக்கையிலிருந்து நேராக எழாமல், பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றி எழுங்கள். வேகத்தடையும் குழியுமான சாலையில் பைக் ஓட்டுவதை இந்த நாட்களில் தவிர்த்து, முடிந்தால் பஸ்ஸில் போங்கள்.

அதற்குப் பிறகு: குனிவது கொஞ்சம் எளிதானதும் வெறும் பாரை வைத்து, முழங்கால் உயரக் கட்டையிலிருந்து தூக்கிப் பாருங்கள். வலி 3-க்குள் இருக்கிறதா, மறுநாள் காலையில் ஏறவில்லையா? சரி, அடுத்த முறை 10 கிலோ கூட்டுங்கள். இப்படி மூன்று நான்கு வாரத்தில் தரைக்கு வந்துவிடலாம். முதுகுப் பயம் என்று ஒன்று உண்டு, அது வலியைவிட அதிக நாள் தங்கும். அதைப் போக்கக் கைவசம் இருக்கும் மருந்து, லேசான எடையைப் பல முறை வலியில்லாமல் தூக்கிக் காட்டுவதுதான்.

எம்ஆர்ஐ எடுத்து "டிஸ்க் பிதுக்கம்" என்று அறிக்கை வந்தால் உடனே இடிந்துபோக வேண்டாம். முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதில் 20 வயதுக்காரர்களில் 30 சதவீதத்தினருக்கும், 50 வயதுக்காரர்களில் 60 சதவீதத்தினருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது. வலிக்கவில்லை, அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. படத்தை மட்டும் பார்த்து "இனிமேல் வாழ்நாளில் தூக்கக்கூடாது" என்று சொன்னால், காலில் வலு குறைந்திருக்கிறதா, உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள்.

*முழங்கால்.* சில்லுக்குக் கீழே வலிக்கிறது என்றால் தசைநாண். லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் ஓரளவு கனமான எடையைப் பாதித் தூரத்தில் நிறுத்தி, அசையாமல் 45 வினாடி பிடியுங்கள். இரண்டு நிமிடம் இடைவெளி விட்டு ஐந்து முறை. பலருக்கு இது அப்போதைக்கு வலியைக் குறைக்கும், ஸ்குவாட்டுக்கு முன்பு செய்துவிட்டுப் போகலாம். மெஷின் இல்லையென்றால் சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நின்றாலும் வேலை நடக்கும். முழங்கால் பாதவிரலைத் தாண்டக்கூடாது என்ற பழைய விதியை மறந்துவிடுங்கள். ஆழமாக உட்கார்ந்தால் தாண்டத்தான் செய்யும். நம் ஊரில் குந்தி உட்காரும் எல்லாருக்கும் தாண்டுகிறது. முழங்காலில் மாட்டும் உறை (knee sleeve) சூட்டைக் காக்கும், கொஞ்சம் தெம்பு தரும். அது எதையும் குணப்படுத்தாது.

*தோள்.* பென்ச்சில் முழங்கையை உடம்பிலிருந்து 90 பாகைக்கு விரித்து இறக்குகிறவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. முழங்கையைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவாருங்கள், பிடியை ஒரு விரல் அளவு குறுக்குங்கள், தோள்பட்டை எலும்புகளைப் பின்னுக்கு இழுத்துப் பென்ச்சில் பதியுங்கள். தள்ளும் செட்டுகளுக்குச் சமமாக, முடிந்தால் கூடுதலாக, இழுக்கும் செட்டுகள் வையுங்கள். நெஞ்சும் பைசெப்ஸும் மட்டும் வளர்க்கும் ஆட்கள் தோளைப் பிடித்துக்கொண்டு வருவதில் ஆச்சரியமில்லை. ராத்திரி அந்தப் பக்கம் படுக்காமல், கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

*முழங்கை.* உள்பக்கம் வலித்தால் புல்-அப், கர்ல் அதிகமாகியிருக்கும். இன்னொரு காரணம் பலருக்குத் தோன்றுவதே இல்லை. ஸ்குவாட்டில் பாரைத் தாழ்வாக வைத்து, கைகளைக் குறுக்கிப் பிடித்தால் அந்தச் சுமையில் ஒரு பங்கை முழங்கை தாங்குகிறது. பிடியை அகலமாக்கினால் சில வாரத்தில் வித்தியாசம் தெரியும். கூடவே சின்ன டம்பெல்லில் மணிக்கட்டைச் சுருட்டி, மூன்று வினாடி எடுத்து இறக்கும் பயிற்சியை 15 ரெப், 3 செட் செய்யுங்கள். முழங்கை வலி மெதுவாகத்தான் போகும். மூன்று மாதம்கூட ஆகலாம், பொறுமை வேண்டும்.

*மணிக்கட்டு.* பென்ச்சில் கை பின்னால் வளையாமல், பார் முன்கை எலும்புக்கு நேர் மேலே உட்காரட்டும்.

*தோல்.* உள்ளங்கையில் காய்ப்பு வரத்தான் செய்யும். அது மேடுகட்டினால் ஒரு நாள் டெட்லிஃப்ட்டில் பிய்ந்து தொங்கும். குளித்து முடித்ததும், தோல் ஊறியிருக்கும்போது, குதிகாலுக்குத் தேய்க்கும் நுரைக்கல்லால் வாரம் ஒரு முறை சமமாகத் தேய்த்துவிடுங்கள். பாரை உள்ளங்கையின் நடுவில் பிடிக்காமல், விரல்கள் தொடங்கும் மடிப்பில் பிடித்தால் காய்ப்பே குறையும். காலின் முன்னெலும்பில் பார் உரசித் தோல் போகும், நீளமான சாக்ஸ் போடுங்கள். அங்கே ரத்தம் வந்தால் உங்கள் காலை மட்டுமல்ல, பாரையும் துடைத்து வையுங்கள். அடுத்தவரும் அதைத்தான் பிடிப்பார். உச்ச எடையைத் தம் கட்டித் தூக்கிய பிறகு கண்ணைச் சுற்றிக் குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள் வந்தால் பதறாதீர்கள், அழுத்தத்தில் வெடித்த நுண்குழாய்கள் அவை. சில நாளில் மறையும்.

தைலம், ஐஸ், மாத்திரை

அமிர்தாஞ்சன், கோடாலித் தைலம், வோலினி ஸ்பிரே எல்லாமே தோலில் ஒரு குளிர்ச்சியோ எரிச்சலோ கொடுத்து வலியிலிருந்து கவனத்தைத் திருப்புகின்றன. வோலினி போன்றவற்றில் டைக்ளோஃபெனாக்கும் இருக்கும். தூங்க உதவினால் தடவுங்கள், தப்பில்லை. தடவிக்கொண்டு வந்து நடுச் செட்டில் கண்ணைத் துடைத்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவை தெரிந்தால் போதும்.

ஐஸ் பற்றிய நம்பிக்கை இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978-இல் எழுதிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். அடிபட்ட முதல் நாள் வலி குறைய ஐஸ் வைக்கலாம். ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் உட்காருவது ரீல்ஸில் நன்றாக இருக்கும், தசை வளர்ச்சியைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யும்.

மாத்திரைதான் கவலைக்குரிய விஷயம். ஜிம்முக்குப் போகும் முன்னால் ஒரு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வலியை அணைத்துவிட்டால் இவ்வளவு நேரம் சொன்ன மதிப்பெண் கணக்கு எதுவும் வேலை செய்யாது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் இளைஞர்களை எடைப் பயிற்சி செய்யவைத்து, ஒரு பிரிவுக்கு நாளுக்கு 1,200 மில்லிகிராம் இபுப்ரோஃபென்னும் மறு பிரிவுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினும் 8 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். இபுப்ரோஃபென் எடுத்தவர்களின் தொடைத் தசை ஏறக்குறையப் பாதியளவே வளர்ந்தது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் வயிற்றைப் புண்ணாக்கும். ஏப்ரல், மே மாதத்தில் ஏசி இல்லாத ஜிம்மில் வியர்த்து, தண்ணீர் சரியாகக் குடிக்காமல் அவற்றை எடுத்தால் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. ரத்த அழுத்தம், சர்க்கரை, அல்சர் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. பாராசிட்டமால் வயிற்றுக்கு நல்லது என்று அள்ளிப் போடுவதும் தப்பு. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 4 கிராம், 650 மாத்திரையில் ஆறு போட்டாலே அந்த எல்லைக்கு வந்துவிடுவீர்கள். ஈரலைக் கெடுக்கும் மருந்து அது, குடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஜிம்முக்கு வெளியே இருக்கும் நேரம்

நீங்கள் தூக்குகிறவர் என்று தெரிந்துவிட்டால் வீட்டிலும் தெருவிலும் எல்லாவற்றையும் உங்களிடம்தான் நீட்டுவார்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன், நிரம்பினால் 30 கிலோ வரும் சிலிண்டர், அத்தை வீட்டு பீரோ. டெட்லிஃப்ட்டில் 140 கிலோவை ஒழுங்காகத் தூக்கிவிட்டு, கேனை உடம்பை முறுக்கி ஒரு கையால் இழுத்து முதுகைப் பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஜிம்மில் காலை ஊன்றி, மூச்சை அடக்கி, கவனமாகத் தூக்குகிறோம். வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டே தூக்குகிறோம். கனமான லெக் டேக்கு மறுநாள் யாராவது பீரோவை நகர்த்தக் கூப்பிட்டால் நாளைக்கு வருகிறேன் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறைந்தால் அதே எடை கூடுதலாக வலிக்கும். நைட் ஷிஃப்ட் வாரங்களில் உச்ச எடையை முயற்சிக்காதீர்கள். சாப்பாட்டில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 கிராம் அளவில் புரதம் இருந்தால் போதும். 70 கிலோ ஆளுக்கு அது சுமார் 110 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதால், இட்லி சாம்பாரை மட்டும் நம்பி அங்கே போய்ச் சேர முடியாது. சிக்கன், மீன், சுண்டல், தயிர், பன்னீர் எல்லாம் வேண்டும். ராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுத்தால் பாதத்தை உங்களை நோக்கி மடக்கிப் பிடியுங்கள். வெயில் காலத்தில் உப்புப் போட்ட மோர் குடியுங்கள்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை

இவற்றுக்கு நோட்டும் வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம்.

முதுகு வலியோடு சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போவது: அன்றைக்கே, ராத்திரியானாலும், பெரிய மருத்துவமனை. தாமதித்தால் நிரந்தரமாகிவிடும். பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுபட்டாலும் அப்படித்தான்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு வந்து முதல் நாளே பஸ்கி 200, 300 என்று அடித்துவிட்டு, தசை கல்லாக வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால்: தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. தண்ணீர் குடித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மயக்கம். தூக்கும்போது இடி விழுந்தது போலத் திடீர்த் தலைவலி. காய்ச்சலோடு முதுகு வலி. ராத்திரியில் எந்தப் பக்கம் படுத்தாலும் குறையாத வலி. அடிவயிற்றுக்குக் கீழே, இருமினால் பிதுங்கும் கட்டி (குடலிறக்கமாக இருக்கலாம்).

பட்டென்ற சத்தத்தோடு முழங்கைக்கு மேலே தசை உருண்டு போனாலோ, பென்ச்சில் நெஞ்சு ஓரம் கருநீலமாகி வடிவம் மாறினாலோ, தசைநாண் அறுந்திருக்கும். இதற்குச் சுளுக்கு வழிப்பவரிடமோ, புத்தூர்க் கட்டுக்கோ போய் மூன்று வாரம் காத்திருப்பதுதான் பெரிய இழப்பு. அறுந்த நாணைத் தைப்பதென்றால் முதல் ஓரிரு வாரத்துக்குள் தைப்பது எளிது. தள்ளிப்போனால் அது சுருங்கி மேலே ஏறிவிடும். எலும்பு மருத்துவரிடம் நேராகப் போங்கள்.

அவசரமில்லாத, ஆனால் ஆறு வாரமாகியும் அசையாத வலிக்குப் பிசியோதெரபிஸ்ட் போதும். போகும்போது அந்த நோட்டை எடுத்துப் போங்கள். மெஷினை ஒட்டி இருபது நிமிடம் கரண்ட் வைத்து அனுப்பிவிடுகிறாரா, இல்லை நீங்கள் ஸ்குவாட் செய்வதைப் பார்க்க வேண்டும் என்கிறாரா என்று கவனியுங்கள். இரண்டாமவரிடம் தொடருங்கள். "எதைச் செய்யலாம், எந்த எடையில் ஆரம்பிக்கலாம், எப்போது கூட்டலாம்" என்று மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருபவர்களுக்கு: இரண்டு வாரம் விட்டிருந்தால் பழைய எடையில் 80 சதவீதத்தில் ஆரம்பியுங்கள். இரண்டு மாதம் என்றால் 50, 60. முதல் வாரம் ஒவ்வொரு பயிற்சிக்கும் இரண்டே செட். பழைய எடை எளிதாகத் தெரிந்தாலும் தசைக்குத்தான் அது எளிது, தசைநாண் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. நான்காவது வாரத்தில் பழைய எடையைத் தொட்டால் போதும், அதற்கு முன்னால் பக்கத்து ரேக்கில் இருப்பவர் எவ்வளவு போடுகிறார் என்று பார்க்க வேண்டாம்.